கோட்டை இருந்த பூங்காவில் வாப்பா

அந்தப் பூங்காவை இப்போது எல்லோருக்கும் தெரியும். புதுச்சேரிக்குப் போகிறவர்கள் நடுவில் இருக்கும் ஆயி மண்டபத்துக்கு முன்னால் நின்று போட்டோ பிடித்துக்கொண்டு, சுண்டல் தின்றுவிட்டு வருகிறார்கள். போன மாதம் என் மருமகளும் போய்விட்டு வந்து, "நல்ல நிழலு மாமி, கடல் காத்து பிச்சிக்கிட்டு வருது" என்றாள். நான் சும்மா தலையை ஆட்டினேன். நான் அங்கே முதன்முதலில் போனது காற்று வாங்க இல்லை. வாப்பாவைக் கப்பலேற்றி அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை முகம் பார்க்கப் போனோம். எனக்கு அப்போது எட்டு வயது.

என் வயசுக்காரர்களுக்கு அந்த நாள் காரைக்காலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நமக்கே பாதி மறந்து போச்சே! ஊர் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. நண்டலாற்றுக்கு இக்கரை நாம், அக்கரை இந்தியா. பாலத்தின் அந்த முனையில் குறுக்கே ஒரு மூங்கில், பக்கத்தில் ஒரு கீற்றுக்கொட்டகை, காக்கி போட்ட நாலைந்து ஆட்கள். அதுதான் சுங்கச்சாவடி. சென்ட், பேனா, பட்டுத்துணி, கைக்கடிகாரம் எல்லாம் நம் பக்கத்தில் மலிவு. அக்கரைக்கு எடுத்துப் போனால் வரி, மறைத்து எடுத்துப் போய் மாட்டினால் ஜெயில். அதனால் நம் ஊர் ஆட்கள் பாலத்தைத் தாண்டிப் போகும்போது கொஞ்சம் பருத்துப் போவார்கள், திரும்பி வரும்போது இளைத்து வருவார்கள். நீங்களும் போயிருப்பீர்கள், இல்லை என்று சொல்லாதீர்கள்.

வாப்பாவுக்கு ரொட்டி வியாபாரம். முழங்கை நீளத்தில், மேலே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சு மாதிரி இருக்குமே, அந்த ரொட்டி. ரொட்டியை யாரும் தடுக்கமாட்டார்கள். சாக்கில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு தரங்கம்பாடிப் பக்கம் போய் விற்றுவிட்டு வருவார். சில நாட்களில் சில ரொட்டிகளின் வயிற்றுக்குள் கைக்கடிகாரம் இருக்கும். உம்மாதான் ரொட்டியின் அடியில் சின்னதாகக் கீறி, பஞ்சை நோண்டி எடுத்துவிட்டு, துணி சுற்றிய கடிகாரத்தை உள்ளே வைத்து, பிசைந்த மாவால் பூசி மூடி, தோசைக்கல்லில் ஒரு தடவை காட்டி எடுப்பார். நோண்டி எடுத்த பஞ்சு எனக்கு. பாலில் ஊறவைத்துச் சர்க்கரை தூவித் தின்பேன். அது ஹலாலா ஹராமா என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இந்த வேலை எத்தனை நாள் நடக்கும்? ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருந்த ஒரு சாயங்காலம், வாப்பா மூங்கிலைத் தாண்டி நாலு எட்டு வைத்துவிட்டார். பின்னாலிருந்து சாவடிக்காரர் ஒருவர், "ரொட்டி பாய், செத்த நில்லுங்க" என்று கூப்பிட்டார். அன்றைக்கு என்று பார்த்துச் சாக்கில் கடிகாரம் இருந்தது. வாப்பாவுக்குக் கை கால் ஓடவில்லை. சாக்கைத் தூக்கி ஆற்றில் எறிந்தார். "யா அல்லா!" என்று ஒரு கத்துக் கத்திவிட்டுத் தானும் குதித்துவிட்டார். சாக்கு முழுகிப் போயிற்று. வாப்பா முழுகி முழுகி நீந்தி இக்கரைக்கு வந்து நாணலுக்குள் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து பார்த்தால், சாவடிக்காரர்கள் லாந்தரும் கழியுமாக ஆற்றில் இறங்கித் தேடுகிறார்கள். இருட்டிய பிறகும் விடவில்லை.

சேற்றோடு வீட்டுக்கு வந்தவர் உம்மாவிடம், "இவ்வளவு நேரம் தேடுறான்னா, என்னை விடமாட்டான்" என்றார். உம்மா வெந்நீர் போட எழுந்தார். செம்பு கைநழுவிக் கீழே விழுந்தது எனக்கு நினைவிருக்கிறது. நான்கு நாள் கழித்து அக்கரைக்குப் போய்வந்த பக்கத்துத் தெரு ஆள் ஒருவர் வந்தார். வாப்பாவை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவர். "காக்கா, சாவடியில உங்களைப் பத்தித்தான் விசாரிக்கிறான். ரொட்டி பாய் வீடு எது, எங்க இருக்காருன்னு வர்றவன் போறவனையெல்லாம் கேக்கிறான். எவனும் வாயைத் திறக்கல" என்றார். வாப்பா அன்றிலிருந்து பாலத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இருந்தாலும் பெரிய பயமில்லை. அவன் ஊர் வேறு, நம் ஊர் வேறு. ஆற்றைத் தாண்டி வந்து அவன் யாரையும் பிடிக்க முடியாது.

அப்புறம் பிரெஞ்சுக்காரன் போனான். ஊரெல்லாம் கொடி, ஊர்வலம், பள்ளிக்கூடத்தில் மிட்டாய். நான் மிட்டாயை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தால், வாப்பா மெத்தை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இனிமே அவன் ஊரும் நம்ம ஊரும் ஒண்ணு. நேரா வீட்டுக்கே வருவான்" என்றார். ஊருக்கெல்லாம் விடுதலை கிடைத்த அன்றைக்கு எங்கள் வாப்பாவுக்கு மட்டும் சிறை ஆரம்பித்தது. அந்த வாரமே திருவேட்டக்குடித் தோணிக்காரர் ஒருவரைப் பிடித்துக் கடல் வழியாகப் புதுச்சேரிக்குப் போய்விட்டார். அங்கே அவரைத் தெரிந்தவர்கள் இல்லை. ஒரு ரொட்டிக் கிடங்கில் அடுப்படி வேலை கிடைத்தது.

ஊருக்கு என்ன சொல்வது? அதைப் பெரியம்மா பார்த்துக்கொண்டார். பெரியம்மா உம்மாவுக்கு லாத்தா, அக்கா. எங்கள் வீட்டில் எது நடந்தாலும் பெரியம்மா சொல்படிதான் நடக்கும். "சபருக்குப் போயிட்டாரு. சைகோனுக்கு. அவ்வளவுதான், யாரும் வேற பேசக்கூடாது" என்று தீர்த்துவிட்டார். நம் ஊரில் கடல் தாண்டிப் போகாத ஆண்பிள்ளை உண்டா? எல்லோரும் நம்பினார்கள். நம்பியதோடு விட்டார்களா, "சைகோன்லேர்ந்து என்னா வந்துச்சு, காட்டேன்" என்று தினம் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். பெரியம்மா தன் கல்யாணப் பெட்டியைத் திறந்து, பழைய பட்டு உருமால் துணியை எடுத்துவந்து, "இந்தா பாரு" என்று காட்டினார். அந்தப் பெட்டியின் கற்பூர வாசம் தெருவுக்கே தெரியும். வந்தவள் முகர்ந்து பார்த்து, "சைகோன் வாசனையே தனி" என்றுவிட்டுப் போனாள்!

சிரிப்பு வருகிறது இப்போது. அப்போது உம்மா சிரித்து நான் பார்க்கவில்லை. சோறு பரிமாறும்போது இன்னொரு தட்டை எடுத்துவிட்டு, மறுபடி உள்ளே கொண்டுபோய் வைப்பார். நான் பார்க்காத மாதிரி சாப்பிடுவேன்.

நோன்புப் பெருநாள் கழிந்து பள்ளிக்கூடம் விடுமுறையில் இருந்தபோது, புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு ஜவுளிக்காரர் வாசலில் நின்றபடி சேதி சொன்னார். அடுத்த வாரம் கப்பல் வருகிறது. வாப்பா மெய்யாகவே சைகோனுக்குப் போகிறார், இடம் பிடித்தாகிவிட்டது. போவதற்கு முன்னால் எங்களை ஒரு தடவை பார்க்க வேண்டும். கிடங்குக்கு வரவேண்டாம், கவர்னர் வீட்டுக்கு எதிரே ஒரு பெரிய பார்க் இருக்கிறது, முன்னே கோட்டை இருந்த இடம், அங்கே வரவேண்டும்.

எங்கள் தெருவிலேயே ஒரு சாச்சா, எனக்குச் சித்தப்பா முறை, சைகோனுக்குப் போனவர். அவர் போனபோது தொட்டிலில் கிடந்த பிள்ளை என்னோடு குர்ஆன் ஓத வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு வாப்பா என்றால் சுவரில் மாட்டிய படம்தான். நானும் அப்படி ஆகப் போகிறேன் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

புறப்பட்ட அன்று காலையில் பெரியம்மா என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்தார். வாப்பாவுக்காக வாங்கிய இரண்டு புதுக் கைலிகளை என் இடுப்பில் சுற்றி, மேலே பாவாடையைக் கட்டிவிட்டார். பாவாடை நாடா பாதிக்குத்தான் எட்டியது. ஒரு அத்தர் குப்பியைத் துணியில் முடிந்து என் கக்கத்தில் கட்டினார். மே மாத வெயில், நினைத்துப் பாருங்கள்!

பெரியப்பா பார்த்துவிட்டு, "சாவடியைத்தான் எடுத்துட்டானே, இது எதுக்கு?" என்றார்.

"எடுத்துட்டான்னு உங்ககிட்ட வந்து சொன்னானாக்கும். நீங்க பேசாம வாங்க."

பெரியப்பா பேசாமல் வந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். ஆண்துணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக அவரைக் கூட்டிப்போனோம். உம்மாவும் பெரியம்மாவும் வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தார்கள். அந்தத் துப்பட்டியை இப்போது யார் போடுகிறார்கள்? எல்லாம் கறுப்பாகிவிட்டது. உம்மா மடியில் பிஸ்கட் டின் நிறைய தம்ரூட் இனிப்பு, நெய் வாசனையோடு. மாயவரம் பஸ் பாலத்தை நெருங்கியதும் பெரியம்மா கண்ணை மூடி ஓத ஆரம்பித்தார். நான் எட்டிப் பார்த்தேன். மூங்கில் இல்லை. கொட்டகைக்குள் ஒரு ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. பஸ் நிற்கவே இல்லை.

"யாருமே இல்லையே பெரியம்மா" என்றேன்.

"அப்படித்தான் இருக்கும். எங்கயாவது ஒளிஞ்சிருப்பான்" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார். என் இடுப்பில் வியர்வை ஊறி அரிப்பெடுத்தது. அவிழ்க்கவிடவில்லை.

மாயவரத்தில் ரயில் ஏறினோம். பெரியப்பா வழியில் இரண்டு தடவை கண் விழித்தார். இரண்டாவது தடவை, நான் கேட்காமலே, "அந்தக் காலத்துல அஞ்சு மூலை வச்ச கோட்டை அது. பீரங்கியும் பட்டாளமுமா இருந்துச்சாம். இங்கிலீஷ்காரன் வந்து வெடி வச்சுத் தகர்த்துத் தரைமட்டமாக்கிட்டான். நம்ம ஊர் கோட்டையையும் அவன்தான் இடிச்சான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தூங்கிவிட்டார். எனக்கு அது போதும். கோட்டை என்றால் ஜெயில், ஜெயில் என்றால் வாப்பா. மேலே இடித்தாலும் கீழே நிலவறை இருக்கும், பிடித்தவர்களை அதற்குள்தான் போடுவார்கள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு எல்லாமே நிச்சயம்.

பூங்காவுக்குள் போனால் கோட்டையும் இல்லை, மதிலும் இல்லை. இரும்பு வேலி, பெரிய பெரிய மரங்கள், புல், பூப்பாத்தி. நடுவில் வெள்ளை வெளேரென்று மண்டபம். ஈரமண் வாசனையும் கடல் உப்பும் சேர்ந்து அடித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கவர்னர் வீடு, வாசலில் சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர்கள். அவர்களைப் பார்த்ததும் உம்மா துப்பட்டியை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

ஒரு மரத்தடிப் பெஞ்சிலிருந்து யாரோ எழுந்து வந்தார். வேட்டி கட்டி, தாடி மீசை எதுவும் இல்லாமல், கன்னமெல்லாம் வெளுத்துப்போய். நான் உம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவர் குனிந்து, "என்னா புள்ளே, வாப்பாவைத் தெரியலையா?" என்றார். குரலைக் கேட்டதும்தான் தெரிந்தது. கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவர்மேல் ரொட்டி வாசனை முன்னைவிட அதிகமாக அடித்தது. கையில் ரொட்டி மூட்டை ஒன்று வைத்திருந்தார், எங்களுக்காகக் கொண்டுவந்தது.

பெரியம்மா நேராகப் போலீஸ்காரர்களைப் பார்த்துவிட்டு வாப்பாவைப் பார்த்தார். "ஏன் தம்பி, ஒளிஞ்சு இருக்கிறவருக்குச் சந்திக்க வேற இடம் கிடைக்கலையா? அவன் மடியிலயே போய் உக்காந்திருக்கலாமே?"

"போலீசுக்கு எதிரயே உக்காந்திருக்கிறவன எவன் மச்சி சந்தேகப்படுவான்?" என்றார் வாப்பா. மனைவியின் அக்கா அவருக்கு மச்சி.

"ஆமா, மூளை வழியுது. துடைச்சுக்குங்க."

எல்லோரும் மரத்தடியில் புல்லில் உட்கார்ந்தோம். என் பாவாடையை அவிழ்த்து, கைலிகளை உருவி எடுத்தபோது நான் சுற்றிச் சுற்றி வந்தேன். வாப்பா கைலியைத் தொட்டுப் பார்த்தார். வியர்வையில் நனைந்து சுருங்கியிருந்தது. "இதைக் கப்பல்ல கட்டிக்கிறேன்" என்றார். உம்மா தம்ரூட் டின்னின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். மூடி ஒவ்வொரு தடவையும் டப்பென்று சத்தம் போட்டது.

"எத்தனை வருஷம்?" என்று உம்மா கேட்டார்.

"ரெண்டு மூணு வருஷம். கேசெல்லாம் மறந்து போனதும் வந்துர்றேன்."

உம்மா மூடியை அழுத்தி மூடினார். பெரியப்பா எழுந்து போய் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்துவிட்டேன். பெரிய ஆம்பளை அழுகிறார் என்றால் விஷயம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு அங்கே இருக்க முடியவில்லை.

நான் எழுந்து பூப்பாத்திப் பக்கம் போனேன். நிலவறையைக் கண்டுபிடித்து அதில் வாப்பாவை ஒளித்து வைத்துவிட்டால் கப்பல் போய்விடும் என்று ஒரு எண்ணம். சிரிக்காதீர்கள், அப்போது எனக்கு அது பெரிய யோசனை. குச்சியால் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னப் பையன், நான்கைந்து வயது இருக்கும், வந்து பக்கத்தில் குந்தினான்.

"என்னா தோண்டுற?"

"கீழே கோட்டை இருக்கு."

அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. அவனும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு தோண்டினான். உடைந்த செங்கல் துண்டு ஒன்று வந்தது. நாங்கள் இருவரும் "கோட்டை! கோட்டை!" என்று கத்தினோம். சத்தம் கேட்டு ஒரு பக்கத்திலிருந்து அந்தப் பையனின் அப்பா வந்தார், இன்னொரு பக்கத்திலிருந்து என் வாப்பா வந்தார். வாப்பா என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு நிமிர்ந்தார். எதிரே நின்றவரைப் பார்த்தார்.

"யா அல்லா!" என்றார்.

வாப்பாவுக்குச் சாவடி ஆட்களின் முகம் சொந்தக்காரர்களின் முகத்தைவிட நன்றாகத் தெரியும். அதுதானே அவர் பிழைப்பு! அன்றைக்கு ஆற்றங்கரையில் "செத்த நில்லுங்க" என்று கூப்பிட்டவர், காக்கி இல்லாமல், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எதிரே நின்றார். வாப்பா திரும்பி ஓட ஒரு கால் எடுத்துவைத்தார். என் கை அவர் கைக்குள் இருந்தது. விடவில்லை, ஓடவும் இல்லை.

ஆனால் அந்த மனிதர் வாப்பாவைப் பிடிக்க வரவில்லை. அவர்தான் இரண்டடி பின்னால் போனார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. பையனை இழுத்துத் தன் பின்னால் தள்ளிக்கொண்டார். அப்புறம் குனிந்து வாப்பாவின் காலைப் பார்த்தார். கால் தரையில் படுகிறதா என்று பார்க்கிறார்! பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"பாய்... நீங்க சாவலையா?"

வாப்பாவும் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். "இல்லைங்களே" என்றார்.

அந்த மனிதர் அப்படியே பூப்பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். அவர் மனைவி தூரத்திலிருந்து ஓடி வந்தார். எங்கள் பக்கத்திலிருந்து பெரியம்மா துப்பட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். சண்டைக்கு என்று நினைத்துக் கையில் செருப்பை எடுத்து வைத்திருந்தார்.

பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"குரலு பாய். நீங்க குதிக்கும்போது போட்டீங்களே அதே குரலு. பத்து மாசமா என் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. இப்பவும் அதேதான் கேக்குதுன்னு நெனைச்சேன்."

"நீங்க என்னைத் தேடுனீங்களே, லாந்தர் வச்சுக்கிட்டு..."

"உங்க பொணத்தைத் தேடுனோம் பாய். தண்ணி அப்படி ஓடுது, போனவரு திரும்ப எழும்பல. நான் கூப்பிட்டதாலதானே போனாருன்னு எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. மறுநாள்லேர்ந்து உங்க ஊர்க்காரங்க யாரு வந்தாலும் கேட்டேன், ரொட்டி பாய் வீட்டுல இருக்காரா, நல்லா இருக்காரான்னு. ஒருத்தர் வாயும் திறக்கல. முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க. சரி, செத்துட்டாரு, கோவத்துல சொல்லாம போறாங்கன்னு நெனைச்சேன்."

வாப்பா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டார்.

"அப்ப... கேசு?" என்று வாப்பா கேட்டார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்கு அவருக்கு எவ்வளவு நேரம் ஆனது!

"என்னா கேசு? சாக்கு முழுகிப் போச்சு. சாமானும் இல்ல, ஆளும் இல்ல, எதை வச்சு கேசு எழுதுறது? சாக்குக்குள்ள என்ன இருந்துச்சுன்னு நீங்க சொல்லவும் வேணாம், நான் கேக்கவும் மாட்டேன். அந்தச் சாவடியே இப்ப இல்ல. என்னையும் இங்க ஆபீசுக்கு மாத்திட்டாங்க."

"பின்ன எதுக்குங்க அன்னிக்கு என்னைக் கூப்பிட்டீங்க?"

அந்த மனிதர் தன் பையனின் தலையைத் தடவினார். "இவனுக்கு ஒரு வாரமா காய்ச்சல் பாய். சோறு குடுக்காதே, பாலும் ரொட்டியும் குடுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எங்க பக்கத்துல நல்ல ரொட்டி எங்க கிடைக்குது? உங்க சாக்குலேர்ந்து ஒரு ரொட்டி விலைக்குக் கேக்கலாம்னுதான் கூப்பிட்டேன்."

ஒரு ரொட்டி! அதற்காகத்தான் வாப்பா ஆற்றில் குதித்தார். அதற்காகத்தான் தோணி, தாடி எடுத்தது, சைகோன் புளுகு, உம்மா எடுத்து எடுத்து வைத்த தட்டு எல்லாம். எனக்கு அப்போது முழுசாகப் புரியவில்லை. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது மட்டும் தெரிந்தது. இப்போது நினைத்தால், இரண்டு பேரில் யாராவது ஒருவர் நேராக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் சாவடிக்காரனிடம் காரைக்கால்காரன் நேராக ஒரு வார்த்தை பேசின காலமா அது? ஊர் வாய் மூடி வாப்பாவைக் காப்பாற்றியதாக நினைத்தது. அந்த மூடின வாய்தான் இத்தனையும் செய்தது.

அந்த மனிதரின் மனைவி மெதுவாகச் சொன்னார். "மகாளய அமாவாசைக்கு ஆத்துக்குப் போனப்ப, இவரு தன் அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் விட்டுட்டு, பாயிக்கும் ஒரு கை விட்டாரும்மா. பேரு தெரியாது, ஊரு மட்டும்தான் தெரியும். ரொட்டி பாயின்னு சொல்லித்தான் விட்டாரு."

உயிரோடு இருக்கும் முஸ்லிமுக்கு எள்ளுத் தண்ணீர்! பெரியம்மா வாயில் கைவைத்தார். வாப்பா அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் அஞ்சு வேளையும் என்னா துஆ கேட்டேன் தெரியுங்களா? அந்தச் சாவடிக்காரரைக் கண்காணாத ஊருக்கு மாத்திடு ரப்பேன்னு கேட்டேன்."

"அதான் மாத்திட்டாங்களே."

"மாத்துனது சரிங்க, நான் இருக்கிற ஊருக்கேவா மாத்தணும்?"

முதலில் பெரியப்பாதான் சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். வாப்பா மூட்டையை அவிழ்த்து முழு ரொட்டி ஒன்றை எடுத்து அந்தப் பையன் கையில் கொடுத்தார். அது அவன் உயரத்தில் பாதி இருந்தது. பெரியம்மா தம்ரூட் டின்னைத் திறந்து அந்த அம்மாள் முன்னால் நீட்டி, "எடுத்துக்கம்மா, நெய்யும் ரவையும்தான், பயப்படாம சாப்பிடு" என்றார்.

உம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். அந்தக் குடும்பம் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனதும், நேராக வாப்பாவுக்கு முன்னால் வந்து நின்றார். வாப்பாவிடம் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை அதிர்ந்து பேசாதவர் உம்மா.

"ஒரு ரொட்டி கேட்டிருக்கான் அந்த மனுசன்! என்னா வேணும்னு திரும்பிக் கேக்கத் தெரியாதா உங்களுக்கு? நான் இங்க செத்தவ மாதிரி நடமாடுறேன். இந்தப் புள்ள ராத்திரி எழுந்து வாசக்கதவைப் பாக்குது. சைகோன்லேர்ந்து என்னா வந்துச்சுன்னு வர்றவளுக்கெல்லாம் பதில் சொல்லி என் நாக்கு தேஞ்சு போச்சு. தாடியை வேற எடுத்துட்டு நிக்கிறீங்க! கப்பலாம் கப்பல்!"

துப்பட்டி தலையிலிருந்து நழுவித் தோளில் விழுந்தது. உம்மா அதை எடுத்துப் போடவில்லை. திட்டிக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே திட்டினார். பெரியம்மா தடுக்கவில்லை. வாப்பா பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்து உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சந்தோஷமான முகத்தோடு யாரும் திட்டு வாங்கி நான் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டுக் கவர்னர் வீட்டு வாசலிலிருந்து சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் சாலையைத் தாண்டி உள்ளே வந்தார்.

"என்னம்மா இங்க கலாட்டா? யாரு இந்த ஆளு?"

உம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நேராக அவரைப் பார்த்துச் சொன்னார். "என் வீட்டுக்காரருங்க. வீட்டுக்கு வராம இங்க வந்து உக்காந்திருக்காரு. காரைக்காலுக்குக் கூட்டிட்டுப் போவ வந்திருக்கேன்."

வாப்பா எழுந்து நின்றார். தன் பெயரைச் சொன்னார். புதுச்சேரியில் வேறு ஏதோ பெயரில் இருந்தவர், தன் சொந்தப் பெயரை, தன் வாப்பாவின் பெயரோடு, ஊர், தெரு, எந்தப் பள்ளிவாசலுக்கு எதிர் வீடு என்பது வரைக்கும் உரக்கச் சொன்னார். போலீஸ்காரர் அதையெல்லாம் கேட்கவே இல்லை.

"சரி சரி. பொம்பளைய அழவைக்காத, காலாகாலத்துல ஊரு போய்ச் சேரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

வாப்பா இன்னும் நின்றுகொண்டிருந்தார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னால் சொல்லியிருப்பார்.

அடுத்த வாரம் கப்பல் வந்தது, போனது என்று பிறகு யாரோ சொன்னார்கள். அந்த வாரமெல்லாம் வாப்பா எங்கள் வீட்டுக் கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி நபியைப் புகழ்ந்து பைத்துப் பாடிக்கொண்டிருந்தார். குரல் ஒன்றும் அவ்வளவு நன்றாக இருக்காது. உம்மா அடுப்படியிலிருந்து, "மெதுவா பாடுங்க, தெருவே கேக்குது" என்பார். வாப்பா இன்னும் சத்தமாகப் பாடுவார்.